புராணத்து வேரும் சூப்பர் ஹீரோவின் உரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமிக்ஸ், நாவல், அனிமேஷன் என்று எதற்காகவாவது புதிய சூப்பர் ஹீரோவை உருவாக்குகிறவர்களுக்கான பக்கம் இது. புராணங்களிலிருந்து எதையெல்லாம் எடுக்கலாம், எடுத்ததில் எது நம்முடையது ஆகும், அதை எப்படிக் கைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்வது என்ற மூன்று கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. இங்கே வரும் வழக்குகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. அந்தத் தொழில் அங்கே வளர்ந்ததால் சண்டைகளும் அங்கேயே நடந்தன. சட்டம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். எதிலும் கையெழுத்திடும் முன் உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

புராணப் பாத்திரத்தை எடுத்து சூப்பர் ஹீரோ ஆக்கினால் அது திருட்டா?

இல்லை. கிரேக்க வீரன் ஹெர்குலிஸுக்கும் வட ஐரோப்பிய நார்ஸ் மரபின் இடிக் கடவுள் தோருக்கும் மெசொப்பொத்தேமிய மன்னன் கில்காமேஷுக்கும் இன்று உரிமையாளர் என்று யாரும் கிடையாது. அமெரிக்காவின் இரண்டு பெரிய காமிக்ஸ் நிறுவனங்களில், மார்வெலில் ஒரு ஹெர்குலிஸ் இருக்கிறார், டிசியிலும் ஒருவர் இருக்கிறார். போர்க் கடவுள் ஏரிஸும் இரண்டு இடத்திலும் உண்டு. நீங்கள் மூன்றாவதாக ஒரு ஹெர்குலிஸை எழுதலாம். ஆனால் கிரேக்கக் கதையைப் படித்துவிட்டு எழுத வேண்டும். மார்வெலின் ஹெர்குலிஸைப் பார்த்து எழுதக் கூடாது.

சூப்பர் ஹீரோக்களில் புராணம் உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது?

சிலரிடம் வெளிப்படையாகவே இருக்கிறது. 1940-இல் வந்த, மார்வெல் நிறுவனத்தைச் சேராத கேப்டன் மார்வெல் என்ற நாயகன் சொல்லும் மந்திரச் சொல் 'ஷஜாம்'. அதன் ஆறு ஆங்கில எழுத்துகளும் ஆறு பெயர்களின் முதலெழுத்துகள்: சாலமனின் அறிவு, ஹெர்குலிஸின் பலம், அட்லஸின் தாங்குதிறன், ஜீயஸின் ஆற்றல், அகிலீஸின் துணிவு, மெர்குரியின் வேகம். அதே ஆண்டில் அறிமுகமான அதிவேக நாயகன் முதல் ஃப்ளாஷ் தலையில் இருந்த சிறகு வைத்த தொப்பி ரோமானியக் கடவுள் மெர்குரியினுடையதுதான். 1941-இல் வந்த வொண்டர் உமன் கிரேக்கக் கதைகளின் போர்ப் பெண்கள் குலமான அமேசான்களின் இளவரசி; அவளுடைய தாய் ஹிப்போலிட்டா களிமண்ணில் வடித்த உருவத்துக்குக் கிரேக்கத் தெய்வம் அஃப்ரோடைட் உயிர் கொடுத்தாள் என்பது பிறப்புக் கதை. ஹெர்குலிஸின் பன்னிரண்டு வேலைகளில் ஒன்றே இந்த ஹிப்போலிட்டாவின் இடைக்கச்சையைக் கொண்டுவருவது. வொண்டர் உமனின் முதல் கதை அதே சம்பவத்தைத் தோற்ற பெண்களின் பக்கம் நின்று சொல்கிறது.

மற்றவர்களிடம் புராணம் மறைவாக இருக்கிறது, அதுதான் இன்னும் சுவையானது. அழிவிலிருந்து காப்பாற்றக் குழந்தையை ராக்கெட்டில் வைத்து அனுப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காட் மன்னன் சார்கோன் கூடையில் ஆற்றில் விடப்பட்டான். மோசே நாணல் பேழையில் நைல் நதியில் விடப்பட்டார். கர்ணன் பேழையில் மிதந்து தேரோட்டி வீட்டுக்குப் போனான். ரோமுலஸும் ரீமஸும் டைபர் நதியில். பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர், பிறப்பு ஒரு ரகசியம் என்ற மூன்றும் சேர்ந்தால் ஒரு நாயகன் தானாகப் பிறந்துவிடுகிறான். 1938-இன் சூப்பர்மேன் இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்தவன்.

பலவீனமும் அப்படித்தான். குதிகாலில் மட்டுமே அடிபடக்கூடியவன் என்ற அகிலீஸின் கதை ஹோமரின் இலியட் காவியத்தில் இல்லை, அது பொ.ஆ. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் ஸ்டேட்டியஸ் எழுதியதில்தான் தெளிவாக வருகிறது. சூப்பர்மேனைச் சாய்க்கும் கிரிப்டோனைட்டும் அவன் பிறந்தபோது கிடையாது. 1943-இல் வானொலித் தொடரில் வந்தது, காமிக்ஸுக்கு 1949-இல்தான் வந்து சேர்ந்தது. பலம் முதலில் வருகிறது, ஓட்டை பிறகு வருகிறது. வெல்லவே முடியாத ஒருவனை வைத்துக் கதையை நெடுநாள் ஓட்ட முடியாது என்று எல்லாக் காலத்துக் கதைசொல்லிகளும் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ஒரு ஐடியாவுக்கு உரிமை வாங்க முடியுமா?

முடியாது. உலக வர்த்தக அமைப்பின் 1994 அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ், 9(2) பிரிவு, இதை நேராகச் சொல்கிறது: பதிப்புரிமை வெளிப்பாட்டுக்குத்தான், கருத்துக்கு இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இன்னும் விரித்தது: கருத்து, கருப்பொருள், கதைப்பின்னல், வரலாற்று அல்லது புராணச் செய்தி ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது, அவற்றைச் சொன்ன விதத்துக்கே உண்டு. அந்த வழக்கில் நாடக ஆசிரியர் தோற்றார். அவருடைய நாடகமும் திரைப்படமும் ஒரே கருவைத் தொட்டாலும் சொன்ன விதம் வேறாக இருந்தது.

'இடியை ஆயுதமாகக் கொண்ட நாயகன்' என்பது கருத்து. அவன் பெயர், முகம், உடை, பேச்சு, யாரிடம் எதற்குக் கடன்பட்டவன், ஆயுதம் எப்போது வேலை செய்யாது என்பதெல்லாம் சேர்ந்தால் வெளிப்பாடு. அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட் 1930-இலேயே ஓர் அளவுகோல் வைத்துவிட்டார்: பாத்திரம் எவ்வளவு குறைவாகச் செதுக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு குறைவாகவே பாதுகாப்பும் கிடைக்கும்.

அந்தக் கோடு சரியாக எங்கே விழுகிறது?

இதற்கு 1940-இல் வந்த வொண்டர் மேன் தீர்ப்பைவிட நல்ல பாடம் இல்லை. சூப்பர்மேன் வெளிவந்த அடுத்த ஆண்டே வேறொரு பதிப்பகம் வொண்டர் மேன் என்று ஒருவனை இறக்கியது. சூப்பர்மேனின் பதிப்பகம் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பின் வாதம் நாம் இன்று சொல்லக்கூடியதேதான்: பலசாலி நாயகன் ஹெர்குலிஸ் காலத்திலிருந்து இருக்கிறான், இதில் சொந்தம் கொண்டாட என்ன இருக்கிறது?

நீதிமன்றம் அந்த வாதத்தில் பாதியை ஏற்றது. மனிதகுலத்துக்கு நன்மை செய்யும் பலசாலி என்ற வகைக்கு யாரும் ஏகபோகம் கோர முடியாது என்றது. பிறகு இரண்டு இதழ்களையும் அருகருகே வைத்துப் பார்த்தது. இருவரும் சாதாரண உடைக்கு அடியில் இறுக்கமான வீர உடையை மறைத்திருக்கிறார்கள். இருவர் மேலும் குண்டு பட்டுத் தெறிக்கிறது. இருவரும் துப்பாக்கியைக் கையால் நசுக்குகிறார்கள், கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குத் தாவுகிறார்கள். உண்மையான வித்தியாசம் ஒருவன் உடை நீலம், மற்றவன் உடை சிவப்பு என்பது மட்டுமே என்று நீதிமன்றம் எழுதியது. வொண்டர் மேன் ஒரே இதழோடு நின்றுபோனான்.

ஒவ்வொரு கூறையும் தனித்தனியாக எடுத்தால் எதுவும் குற்றம் ஆகியிருக்காது என்பதைக் கவனியுங்கள். அத்தனையும் அதே சேர்க்கையில், அதே காட்சிகளாக வந்ததுதான் மாட்டிவிட்டது.

தோரை நான் பயன்படுத்தலாமா? எது பழையது, எது மார்வெலுடையது?

தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மூலம் 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் தொகுத்த 'எட்டா' என்ற புராண நூலும் அதற்கு முந்தைய பாடல்களும். மார்வெலின் தோர் 1962 ஆகஸ்ட் இதழில் வந்தவர்.

பழையவை: மியோல்னிர் சுத்தியல், பலத்தை இரட்டிப்பாக்கும் இடைக்கச்சை, இரும்புக் கையுறை, ஆடுகள் இழுக்கும் தேர். இரவில் அந்த ஆடுகளையே சமைத்துச் சாப்பிட்டுக் காலையில் எலும்பிலிருந்து உயிர்ப்பிப்பார். சுத்தியலின் கைப்பிடி குட்டையாக இருப்பதற்கும் கதை உண்டு: அதைச் செய்த குள்ளன் உலையில் வேலை செய்யும்போது சூழ்ச்சிக்காரன் லோகி ஈயாக மாறி அவன் இமையைக் கடித்தான், அளவு தவறிவிட்டது. வானவில் பாலமும் பழையதே. நார்ஸ் மரபில் தோருக்குச் சிவப்புத் தாடி.

மார்வெல் சேர்த்தவை: தங்க நிற முடி, மழித்த முகம், 'தகுதி உள்ளவர் மட்டுமே தூக்க முடியும்' என்ற சுத்தியல் விதி, உரு என்ற உலோகம், கைத்தடியைத் தட்டினால் தோராக மாறும் கால் ஊனமுற்ற மருத்துவர் டொனால்ட் பிளேக், சுத்தியலைப் பிரிந்து 60 விநாடி ஆனால் பழைய உருவுக்குத் திரும்புவது, தோரின் வளர்ப்புத் தம்பியாக லோகி. எட்டாவில் லோகி தோருக்குத் தம்பியே இல்லை. தோரின் தந்தை ஓடினோடு இரத்த உடன்படிக்கை செய்துகொண்டவன்.

மிக அதிகமாக நடக்கும் தவறு இந்த இரண்டாம் பட்டியலில்தான். 'தகுதி' விதி ஏதோ ஆயிரம் ஆண்டுப் பழைய நம்பிக்கை என்று நினைத்துக் கதையில் சேர்த்துவிடுகிறார்கள். எந்தப் புராணத்தை எடுத்தாலும் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: இடப்பக்கம் கூறு, வலப்பக்கம் அது எந்தப் பழைய நூலில் எங்கே வருகிறது. வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்தக் கூறைத் தொடாதீர்கள்.

மூல நூல் பழையது என்றால் எந்தப் பதிப்பையும் எடுக்கலாமா?

கூடாது. மூலம் பொது, மொழிபெயர்ப்பு தனிச்சொத்து. ஹோமர் எல்லோருக்கும் உரியவர்; சாமுவேல் பட்லரின் 1898 இலியட் உரைநடை இன்று பொதுவாகிவிட்டது; 2023-இல் எமிலி வில்சன் வெளியிட்ட இலியட் அவருடையது. வியாசர் பொது, கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை வெளியிட்ட ஆங்கில மகாபாரதமும் பொது, சென்ற ஆண்டு வந்த மறுகூறல் நாவல் பொது இல்லை. நிகழ்ச்சிகளைப் பழைய பதிப்பில் சரிபார்த்து, வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள். ஓவியம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றுக்கும் இதே விதி: ஒரு தொடர் கொடுத்த கிரீட வடிவத்தை 'எல்லோருக்கும் தெரிந்த தோற்றம்' என்று நகல் எடுக்காதீர்கள்.

பொதுவான புராணத்திலிருந்து 'என்னுடையது' என்று சொல்லத்தக்க பாத்திரத்தை எப்படி உருவாக்குவது?

2015-இல் பேட்மேனின் கார் குறித்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று சோதனைகள் வைத்தது. பாத்திரத்துக்கு உருவமும் குணமும் இருக்க வேண்டும். எங்கே தோன்றினாலும் அதே பாத்திரம் என்று அடையாளம் தெரியும் அளவுக்குச் செதுக்கப்பட்டிருக்க வேண்டும். தனித்துவமான, வேறெங்கும் இல்லாத வெளிப்பாட்டுக் கூறு சில இருக்க வேண்டும். கோட்டு சூட்டுப் போட்ட மந்திரவாதி போன்ற அச்சு வார்ப்புப் பாத்திரம் இதில் தேறாது.

ஓர் உதாரணம். கர்ணனின் கவச குண்டலத்தை எடுத்துக்கொள்வோம். உடலோடு பிறந்த கவசம், சூரியனின் மகன், மாறுவேடத்தில் வந்த இந்திரனுக்கு அறுத்துக் கொடுத்தது ஆகிய மூன்றும் பொது. இதோடு நிறுத்தினால் உங்களிடம் எதுவும் இல்லை. இப்போது மாற்றுங்கள்: நாயகி ஒரு பேருந்து நடத்துநர். கவசம் 108 செதில்களால் ஆனது. பிறருக்காக அவள் ஓர் அடியைத் தாங்கும்போதெல்லாம் ஒரு செதில் நிரந்தரமாக உதிர்கிறது, அந்த இடத்தில் நாணய அளவு வெள்ளை வடு விழுகிறது. உதிர்ந்த செதிலை வைத்திருப்பவர் கூப்பிட்டால் அவளால் மறுக்க முடியாது. இந்த விதிகள், வடு படிந்த தோள், இதிலிருந்து பிறக்கும் கதைகள் எல்லாம் உங்கள் வெளிப்பாடு. வேறொருவர் உடலோடு பிறந்த கவசத்தை எழுதினால் நீங்கள் தடுக்க முடியாது. 108 செதிலும் வடுவும் கூப்பிடும் விதியும் அவருடைய பாத்திரத்திலும் வந்தால் கேட்கலாம்.

எழுத்தில் வைக்க வேண்டியவை: முன், பின், பக்கவாட்டு என மூன்று கோண வரைபடம், நிறங்கள், ஆற்றலின் விதிகளும் வரம்பும், பேச்சு நடை, மாதிரிக்குப் பத்து வசனம், நெருங்கிய மூன்று நான்கு பேருடன் உள்ள உறவு. நான்கு பக்கம் போதும். ஆனால் அந்தப் பாத்திரத்தைக் கொண்ட முழுக் கதை ஒன்றையாவது எழுதி முடித்திருங்கள். குறிப்பேடு மட்டும் இருந்தால் அது ஐடியாவோடு ஒட்டிக்கொண்டே நிற்கும்.

காப்புரிமை, பதிப்புரிமை, வணிகச் சின்னம் எல்லாம் ஒன்றா?

தமிழில் மூன்றையும் காப்புரிமை என்றே சொல்லிவிடுவதால் வரும் குழப்பம் இது. காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு, சூப்பர் ஹீரோவுக்கு வேலை இல்லை. பதிப்புரிமை கதைக்கும் படத்துக்கும். படைத்த நொடியிலேயே வருகிறது, 1886-இல் தொடங்கிய பெர்ன் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளில் பதிவு கட்டாயம் இல்லை. வணிகச் சின்னம் பெயருக்கும் முத்திரைக்கும். பயன்படுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் முடிவில்லாமல் தொடரும்.

பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கேப்டன் மார்வெல் சாட்சி. சூப்பர்மேனைப் போல இருக்கிறான் என்று 1941-இல் தொடங்கிய வழக்கு 1953-இல் 4 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. கேப்டன் மார்வெலை வெளியிட்ட பதிப்பகம் பாத்திரத்தை மூட்டை கட்டியது. பெயர் சும்மா கிடந்தது. 1967-இல் மார்வெல் நிறுவனம் அதே பெயரில் வேறொரு நாயகனைக் கொண்டுவந்தது. பின்னாளில் பழைய நாயகனை உயிர்ப்பித்த டிசி, 1973-இல் இதழின் அட்டையில் 'ஷஜாம்' என்றுதான் போட முடிந்தது.

'சூப்பர் ஹீரோ' என்ற சொல்லையே டிசியும் மார்வெலும் கூட்டாக வணிகச் சின்னமாகப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன. ஒரு சிறு நிறுவனம் எதிர்த்து மனுப் போட, 2024 செப்டம்பரில் அமெரிக்க வணிகச் சின்ன அலுவலகம் அந்தப் பதிவுகளை ரத்து செய்தது.

எழுதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர். பாத்திரம் யாருக்கு?

எழுதி வைக்காவிட்டால் பொதுவாக இருவருக்கும். 2004-இல் எழுத்தாளர் நீல் கெய்மன், ஓவியர் டாட் மெக்ஃபார்லேன் வழக்கில், ஒருவர் எழுதி மற்றவர் வரைந்த பாத்திரங்களுக்கு இருவரும் கூட்டு உரிமையாளர் என்று தீர்ப்பானது. எழுத்தில் வெறும் 'எல்லாம் தெரிந்த குடிகாரக் கிழவர்' ஆக இருந்தவர், பெயரும் முகமும் கிடைத்தபோது தனிப் பாத்திரம் ஆனார். அமெரிக்காவில் கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்காமலே தனியுரிமையற்ற (ஒருவருக்கு மட்டும் என்றில்லாத) அனுமதி கொடுக்கலாம், வருமானத்தைப் பங்கிட்டால் போதும். பல நாடுகளில் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். முதல் பக்கம் வரையும் முன்பே ஒரு தாளில் பங்கு விகிதம், யார் பெயர் எந்த வரிசையில், ஒருவர் விலகினால் என்ன என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த எழுத்தாளர் பில் ஃபிங்கரின் பெயர் அதிகாரபூர்வமாக அச்சேற 2015 வரை ஆனது. அவர் 1974-இலேயே இறந்துவிட்டார்.

ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும்?

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-இல் 13 பக்கக் கதைக்குப் பக்கம் 10 டாலர் வீதம் 130 டாலர் வாங்கினார்கள். கையெழுத்திட்ட தாளில் சூப்பர்மேன் மீதான எல்லா உரிமையும் போய்விட்டது. 1975-இல் பொதுமக்கள் கண்டனத்துக்குப் பிறகுதான் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் 'உருவாக்கியவர்கள்' என்ற வரியும் கிடைத்தன. படிக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

முதலில் தேட வேண்டியது 'வேலைக்காகச் செய்த படைப்பு' (work made for hire) என்ற சொற்கள். அவை இருந்தால் சட்டப்படி ஆசிரியரே நிறுவனம்தான். உங்களிடமிருந்து வாங்கியதாகக்கூட ஆகாது. அமெரிக்கச் சட்டத்தில் உரிமையை விற்றவர் 35 ஆண்டுக்குப் பிறகு அதைத் திரும்பப் பெற ஒரு வழி உண்டு. இந்த வகையில் அந்த வழியும் அடைபடும். மார்வெலுக்கு வரைந்த ஓவியர் ஜாக் கிர்பியின் வாரிசுகள் மார்வெலிடம் 2013 மேல்முறையீட்டில் தோற்றது இந்தப் புள்ளியில்தான். மறு ஆண்டு சமரசம் ஆனது.

அடுத்து, கொடுப்பது விற்பனையா, உரிமமா என்று பாருங்கள். உரிமமாக இருந்தால் எந்த மொழி, எந்த ஊடகம், எந்த நாடு, எத்தனை ஆண்டு என்ற நான்கும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். 'இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்' என்ற வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். பொம்மை, படம், விளையாட்டு ஆகியவற்றில் பங்கு, குறித்த காலத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை திரும்புதல், கணக்கைப் பார்க்கும் உரிமை, பெயர் அச்சிடும் இடம் ஆகியவையும் வேண்டும்.

என் ஐடியாவை நிறுவனம் எடுத்துவிட்டது போலத் தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள். இரண்டு படைப்பையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒற்றுமைகளைக் குறித்து, புராணத்தில் ஏற்கெனவே உள்ளவற்றை அடித்துவிடுங்கள். மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் பட்டியல் காலியாகிவிடும்; இருவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்திருப்பீர்கள். மீதி இருந்தால், அவர்கள் உங்கள் படைப்பைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டா என்பதைக் காட்ட வேண்டும்: அனுப்பிய மின்னஞ்சல், தேதி, கிடைத்தது என்ற பதில்.

தனக்குத்தானே தபாலில் அனுப்பி முத்திரையோடு வைத்திருப்பது பதிவுக்கு ஈடாகாது. தேதியிட்ட வரைவுகள், மூலக் கோப்புகள், முடிந்தால் முறையான பதிவு ஆகியவை உதவும். அமெரிக்காவில் வெளியிட்ட மூன்று மாதத்துக்குள், அல்லது மீறல் நடக்கும் முன், பதிவு செய்திருந்தால்தான் சட்டம் நிர்ணயித்த இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்க முடியும்.

சூப்பர்மேன் எப்போது பொதுவாகிறான்?

அமெரிக்காவில் 2034 ஜனவரி 1 அன்று, வெளியான 95 ஆண்டுகள் முடிந்து. ஆனால் 1938-இன் சூப்பர்மேன் மட்டும். அவன் பறக்க மாட்டான், எட்டில் ஒரு மைல் தாவுவான். கிரிப்டோனைட் அப்போதும் கிடையாது. வணிகச் சின்னங்களும் தொடரும்.

படத்தை செயற்கை நுண்ணறிவு வரைந்தால்?

2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு காமிக்ஸைப் பிரித்துப் பார்த்தது: மனிதர் எழுதிய உரைக்கும் படங்களை அடுக்கிய ஒழுங்குக்கும் பாதுகாப்பு உண்டு, இயந்திரம் உருவாக்கிய தனித்தனிப் படங்களுக்கு இல்லை. உங்கள் நாயகியின் முகத்தை இயந்திரம் மட்டும் வரைந்திருந்தால் அந்த முகத்தை வேறொருவர் எடுப்பதைத் தடுப்பது கடினம். முதன்மைப் பாத்திரங்களின் தோற்றத்தையாவது கையால் வரைந்து, வரைவுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்றும் வழிபடப்படும் தெய்வங்களை எடுக்கலாமா?

பதிப்புரிமை தடுக்காது. ஆனால் ஜீயஸுக்கும் இன்று ஒருவர் காலையில் விளக்கேற்றி வணங்கும் தெய்வத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. சில நாடுகளில் மத உணர்வைப் புண்படுத்துவதற்கெனத் தனிச் சட்டமும் உண்டு. 2016-இல் டிஸ்னி நிறுவனம் பாலினேசிய மாவீரன் மாவுயின் பச்சை குத்திய தோல் போன்ற குழந்தைகள் உடையை விற்பனைக்கு வைத்து, அந்த மக்களின் எதிர்ப்பால் திரும்பப் பெற்றது. திரைப்படக் கதையாக இருந்தவரை விவாதத்துக்கு இடம் இருந்தது. முன்னோரின் தோலைப் போட்டுக் கழற்றும் சட்டையாக்கியது பொறுக்க முடியாமல் போனது. எடுக்கிறவர் அந்த மரபைச் சேர்ந்தவராக இல்லாவிட்டால், வரைவு நிலையிலேயே அந்த மரபில் வளர்ந்த இருவர் மூவரிடம் காட்டி, அவர்கள் முகம் எந்தப் பக்கத்தில் மாறுகிறது என்று பாருங்கள். அச்சுக்குப் போன பிறகு காட்டுவதில் பயன் இல்லை.